தலைவலி மாத்திரையும் மறைத்து வைத்த குடியும்

மது ஹராம் என்பதை நம் வீட்டுச் சிறுபிள்ளைகளும் அறிவர். எத்தனையோ ஜும்ஆக்களில் அதைக் கேட்டிருக்கிறோம். ஆகவே மது கூடாது என்று சொல்வதற்காக இக்கட்டுரையை நாம் எழுத முற்படவில்லை. ஹராம் என்று நன்கு அறிந்திருந்தும் நம் மஹல்லாக்களில் சிலர் குடிக்கத்தான் செய்கின்றனர். அதை அவர்கள் வீட்டாரிடம் மறைக்கின்றனர். வீட்டாருக்குத் தெரிந்துவிட்டால் வீட்டார் ஊராரிடம் மறைக்கின்றனர். இந்த மறைவினால் விளையும் ஒரு தீங்கைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம். அது சாராயப் புட்டியிலிருந்து மட்டும் வருவதன்று. நம் வீட்டு அலமாரியில் தைலக் குப்பிக்குப் பக்கத்தில் கிடக்கிறதே, காய்ச்சல் மாத்திரை, அதுவும் இதில் கூட்டுச் சேர்ந்துகொள்கிறது.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். மகனுக்கு முப்பது வயது. சபரிலிருந்து திரும்பி ஊரில் கடை வைத்திருக்கிறான். இரவு கடை கட்டிய பின் நண்பர்களோடு எங்கோ போகிறான். வாயில் ஏலக்காயை மென்றுகொண்டு நேரங்கழித்து வீடு வருகிறான். "வெளியே சாப்பிட்டுவிட்டேன், சோறு வேண்டாம்" என்று படுத்துவிடுகிறான். சுபுஹுக்கு எழுப்பினால் எழுவதில்லை. விடிந்ததும் தலையைப் பிளக்கிறது என்கிறான். உம்மாவுக்கு என்ன தெரியும்? பிள்ளை வெயிலில் அலைகிறான் என்று இரக்கப்பட்டு, இரண்டு மாத்திரையும் சூடாகத் தேநீரும் கொண்டு வந்து கொடுக்கிறார். மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். மாமியாரிடம் சொன்னால் வீடு இரண்டுபடும். தாய் வீட்டில் சொன்னால் மானம் போகும். அந்தப் பெண் வாய் திறப்பதில்லை.

ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சலும் உடல்வலியும் வருகின்றன. மூன்று நாட்கள் சரியாகச் சாப்பாடு இல்லை. வீட்டில் இருந்த மாத்திரையோடு, மருந்துக் கடையில் பிரித்துக் கொடுத்த சளி மாத்திரையும், உடல்வலிக்கென்று இன்னொன்றும் சேர்ந்து உள்ளே போகின்றன. நான்காம் நாள் வாந்தி நிற்கவில்லை. மருத்துவரிடம் கொண்டு போகிறார்கள். "குடிப்பழக்கம் உண்டா?" என்று அவர் கேட்கிறார். மகன் வாய் திறக்குமுன் உம்மா முந்திக்கொள்கிறார்: "எங்க வீட்டில் அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது, டாக்டர்." அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். மகன் தரையைப் பார்க்கிறான். மனைவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்கிறாள்.

இது நாம் கற்பனை செய்த வீடுதான். ஆனால் இதைப் படிக்கும்போது யாருடைய வீடோ நினைவுக்கு வருகிறது என்று சிலர் சொல்லக்கூடும். மருத்துவர்களிலும் சிலர், நோயாளியின் பெயரையும் தொப்பியையும் பார்த்துவிட்டு, இவரிடம் போய்க் குடியைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று கேள்வியையே விட்டுவிடுவதுண்டு. அந்த மரியாதை நோயாளிக்கு நன்மை செய்வதில்லை.

அந்த மாத்திரை எது?

பாரசிட்டமால் என்பது அதன் பெயர். குரோசின், கால்பால், டோலோ என்று நம் நாட்டிலும், பனடோல் என்று இலங்கையிலும் மலேசியாவிலும் பல பெயர்களில் விற்பனையாகிறது. அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்பர். டைலனால் என்று அங்கே விற்பதும் இதுவே. பெயர்தான் வேறு, மருந்து ஒன்று. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "குரோசின் கேட்கவில்லை, டோலோ கொடுத்துப் பார்ப்போம்" என்று ஒன்றின் மேல் ஒன்று கொடுக்கும் தாய்மார்கள் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் மருந்தை மாற்றவில்லை. அதே மருந்தை இரட்டிப்பாக்குகின்றனர்.

பாரசிட்டமால் கெட்ட மருந்தன்று. அளவறிந்து உட்கொண்டால் இதைப் போல் தொல்லை குறைந்த வலி மருந்து மிகச் சிலவே. கருவுற்ற பெண்களுக்கும், எடைக்கேற்ற அளவில் குழந்தைகளுக்கும் மருத்துவர்கள் இதைத்தான் முதலில் எழுதித் தருகின்றனர். இதைப் படித்துவிட்டு வீட்டிலுள்ள மாத்திரையை எல்லாம் யாரும் குப்பையில் கொட்ட வேண்டாம்.

உடல் நலமுள்ள வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு, அதாவது 24 மணி நேரத்துக்கு, 4 கிராம் என்பது மேல் எல்லை. 500 மில்லிகிராம் மாத்திரையானால் 8. 650 மில்லிகிராம் மாத்திரையானால் 6 போட்டாலே எல்லையைத் தொட்டுவிடுகிறோம். நாள்தோறும் குடிப்பவருக்கும், கல்லீரல் முன்பே கெட்டவருக்கும், மெலிந்து சத்துக் குறைந்தவருக்கும் இந்த எல்லை பொருந்தாது. அவர்களுக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம், அதுவும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, என்பதே பெரும்பாலான மருத்துவர்களின் எச்சரிக்கை.

மேலே சொன்ன வீட்டில் மகன் எவ்வளவு உட்கொண்டான் என்று கணக்குப் பார்ப்போம். காய்ச்சலுக்கு 650 மாத்திரை நாளுக்கு ஐந்து: 3,250 மில்லிகிராம். சளி மாத்திரையிலும் பாரசிட்டமால் கலந்திருக்கிறது. ஒன்றில் 500 என்று வைத்தால் மூன்றுக்கு 1,500. உடல்வலி மாத்திரை என்று கடைக்காரர் கொடுத்ததும் பெரும்பாலும் வேறொரு வலி மருந்தோடு பாரசிட்டமால் சேர்த்துச் செய்ததுதான். ஒன்றில் 325 என்று வைத்தால் இரண்டுக்கு 650. ஆக 5,400 மில்லிகிராம். தலைவலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று என்று அவன் நினைத்தான். ஈரல் அதை ஒன்றாகவே கூட்டிக் கணக்கெழுதியது. அட்டையின் பின்புறத்தில் எந்த மருந்து எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். பொடி எழுத்து, அதுவும் ஆங்கிலத்தில். நம்மில் யார் அதைப் படிக்கிறோம்? கடையில் மாத்திரையை அட்டையிலிருந்து கத்தரித்துத் தாளில் மடித்துக் கொடுத்தால் படிக்கவும் வழியில்லை.

ஈரலுக்குள் நடப்பது

வலது விலாவுக்குக் கீழே, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கிறது கல்லீரல். நாம் உட்கொள்ளும் பாரசிட்டமாலில் மிகப் பெரும் பகுதியை அது தீங்கற்ற பொருளாக மாற்றிச் சிறுநீரோடு அனுப்பிவிடுகிறது. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பங்கு மட்டும் வேறொரு வழியில் போகிறது. அந்த வழியில் ஓர் என்சைம் அதை நச்சுப் பொருளாக மாற்றிவிடுகிறது. அது ஈரலின் உயிரணுக்களைச் சுட்டெரிக்க வல்லது. ஆனால் அதை உடனே அடக்கிவிடுவதற்கென்று குளூட்டாதயோன் என்னும் பொருளை ஈரல் தன்னிடம் சேமித்து வைத்திருக்கிறது. நச்சு பிறந்த கணமே இது அதைப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் அளவோடு உட்கொள்பவருக்கு எதுவும் நேர்வதில்லை. படைத்தவன் அமைத்த காவல் என்று சொல்லலாம்.

இனி, நாள்தோறும் குடிப்பவனின் ஈரலைப் பார்ப்போம். நச்சை உண்டாக்கும் அதே என்சைமுக்குத்தான் மதுவை எரிக்கும் வேலையிலும் ஒரு பங்கு இருக்கிறது. குடி அதிகமாக ஆக, வேலை மிகுந்துவிட்டதென்று ஈரல் அந்த என்சைமைப் பெருக்கிக்கொள்கிறது. அதாவது நச்சு செய்யும் பட்டறை பெரிதாகிவிடுகிறது. மறுபுறம், காவலாக இருக்கும் குளூட்டாதயோன் குடியினால் குறைகிறது. குடிப்பவன் ஒழுங்காகச் சாப்பிடாததால் மேலும் குறைகிறது. மீனும் முட்டையும் பருப்பும் போன்ற புரத உணவிலிருந்துதான் உடல் அதைச் செய்ய வேண்டும். பகை பெருகிக் காவல் குறைந்த வீடாக அந்த ஈரல் ஆகிவிடுகிறது.

இதில் பலருக்கு வியப்பாக இருக்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு. மது உடலில் இருக்கும் நேரத்தில் அந்த என்சைம் மதுவைக் கவனிப்பதிலேயே ஈடுபட்டிருக்கும். மாத்திரையின் பக்கம் அதிகம் திரும்பாது. மது இறங்கிப் போன பிறகுதான், பெருகி நிற்கும் என்சைம் முழுவதும் சும்மா இருக்கிறது. அப்போது மாத்திரை உள்ளே வந்தால் நச்சு கூடுதலாகப் பிறக்கிறது. பழகிய குடிகாரனுக்குக் குடித்த மறுநாளும், குடியை நிறுத்திய முதற்சில நாட்களும் அந்த நேரமாகும். தலைவலி வருவதும், உம்மா மாத்திரை கொடுப்பதும் அந்த நேரத்தில்தான்! இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் குடிக்கும்போதே மாத்திரை போட்டுக்கொள்ளலாமே என்று எவரும் குயுக்தி பேச வேண்டாம். மது இறங்கிய பிறகும் மாத்திரை வயிற்றிலும் இரத்தத்திலும் இருக்கத்தான் செய்யும்.

எவ்வளவு குடித்தால் அதிகக் குடி? "பீர்தானே", "ஒரு குவார்ட்டர்தானே" என்று சொல்வோர் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க அரசின் மருந்துத் துறை 1998-ல் ஒரு விதி செய்தது. நாளொன்றுக்கு மூன்று பங்கு அல்லது அதற்கு மேல் மது அருந்துவோர் வலி மாத்திரை உட்கொள்ளுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்று கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் எல்லா வலி மருந்துகளிலும் அச்சிடச் சொன்னது. அவர்கள் கணக்கில் ஒரு பங்கு என்பது சுத்தமான ஆல்கஹால் 14 கிராம். நம் ஊர்க் கடையில் விற்கும் 180 மில்லி பிராந்திப் புட்டியில், நூற்றுக்கு 42.8 பங்கு வலுவென்றால், ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதாவது அந்தச் சிறு புட்டி ஒன்றே நான்கு பங்கைத் தாண்டிவிடுகிறது. வலுக்கூடிய பீர், நூற்றுக்கு 8 பங்கு வலுவுள்ளது, 650 மில்லிப் புட்டி ஒன்றானால் மூன்று பங்கை ஒட்டி வந்துவிடுகிறது. மார்க்கத்தில் ஒரு சொட்டுக்கும் இடமில்லை. இந்தக் கணக்கெல்லாம், "நான் ஒன்றும் பெருங்குடிகாரனல்லன்" என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்பவனுக்காகச் சொல்லப்படுவது.

அறிந்துகொண்ட வரலாறு

பாரசிட்டமால் 1950களின் நடுவில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விற்பனைக்கு வந்தது. அளவு மிஞ்சினால் ஈரலை அழிக்கும் என்பது அதற்குப் பத்தாண்டுகள் கழித்தே வெளிப்பட்டது. 1966-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர மருத்துவர்கள், அளவு மீறி உட்கொண்டு ஈரல் அழிந்து இறந்தவர்களைப் பற்றி எழுதினர். 1970களில் அமெரிக்க ஆய்வாளர்கள் மேலே சொன்ன நச்சின் வழியைக் கண்டறிந்தனர். அதே பத்தாண்டுகளில் எடின்பரோவில் லாரி பிரஸ்காட் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் மாற்று மருந்தை நிலைநாட்டினர். அசிட்டைல்சிஸ்டீன் என்பது அது. ஈரலில் தீர்ந்துபோன காவற்பொருளை மறுபடியும் உண்டாக்கிக்கொள்ள அது உதவுகிறது. இன்றும் உலகெங்கும் அதுவே மருந்து.

குடியோடு சேர்ந்தால் என்னவாகும் என்பதைப் பொதுமக்களுக்கு உணர்த்தியது அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு. அதிபர் ஒருவரிடம் உதவியாளராக இருந்தவர் அவர். இரவு உணவோடு திராட்சை மது அருந்துவது அவர் வழக்கம். சாலையில் விழுந்து கிடப்பவரல்லர். 1993-ல் குளிர்க்காய்ச்சல் கண்டு, நான்கைந்து நாட்கள் பாரசிட்டமால் உட்கொண்டார். ஈரல் செயலிழந்து நினைவற்றுப் போனார். வேறொருவரின் ஈரலைப் பொருத்தித்தான் அவரைப் பிழைக்க வைத்தனர். மதுவோடு சேர்ந்தால் ஆபத்து என்று மருந்தின் உறையில் எச்சரிக்கவில்லை என்று அவர் வழக்குத் தொடர்ந்தார். 1994-ல் நடுவர் குழு அவருக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. நாம் மேலே சொன்ன 1998-ஆம் ஆண்டு விதி இதற்கெல்லாம் பிறகு வந்ததாகும்.

நடுநிலையோடு சொல்வதானால், மருத்துவ அறிஞர்கள் எல்லாரும் இதில் ஒரே அளவு அச்சம் காட்டவில்லை. குடியை விட வந்து சேர்ந்த நோயாளிகளுக்கு நாளுக்கு 4 கிராம் வீதம் இரண்டு நாட்கள் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2001-ல் வெளியானது. அவர்களுடைய ஈரலில் தனித்த கேடு எதுவும் காணப்படவில்லை. எனவே என்றோ ஒரு நாள் இரண்டு மாத்திரை போட்டவனெல்லாம் ஈரல் போயிற்றென்று அலற வேண்டியதில்லை. அளவு எல்லையை ஒட்டியும் தாண்டியும் போவது, அது நாட்கணக்கில் தொடர்வது, கூடவே சாப்பாடு இறங்காமலிருப்பது, இவை மூன்றும் ஒன்றுசேரும்போதே குடிப்பவன் மற்றவரை விட விரைவில் வீழ்கிறான். 1994-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர ஆய்வாளர்கள், ஓரளவே மிஞ்சி உட்கொண்டு ஈரல் கெட்டவர்களை ஆராய்ந்தபோது, அவர்களில் பலர் நோயினால் நாட்கணக்கில் சரியாக உண்ணாதவர்களாகவோ மது அருந்துபவர்களாகவோ இருக்கக் கண்டனர்.

ரமளானில் ஓர் எச்சரிக்கை

உண்ணாமை என்று சொன்னதும் நமக்கு நோன்பு நினைவுக்கு வரும். நல்ல உடல் நிலையில் இருப்பவர் பகலெல்லாம் நோன்பிருந்து, மஃரிபில் கஞ்சியும் இரவில் உணவும் ஸஹரில் சோறும் உண்டு, தலைவலிக்கு ஒன்றிரண்டு மாத்திரை போட்டுக்கொள்வதால் ஒன்றும் நேர்ந்துவிடாது. நாம் சொல்வது வேறொருவரைப் பற்றி.

ஆண்டு முழுவதும் குடித்துவிட்டு, பிறை கண்ட இரவோடு நிறுத்துகிறவர்கள் நம்மில் உண்டு. ரமளானின் கண்ணியம் அவர்கள் உள்ளத்தில் இன்னும் இருக்கிறதே என்று நாம் மகிழ வேண்டும், ஏளனம் செய்யலாகாது. அப்படிப்பட்டவருக்கு முதல் நோன்பிலேயே தலைவலி வரும், கை நடுங்கும், வியர்க்கும், உறக்கம் பிடிக்காது. வயிறு எதையும் ஏற்காது, கஞ்சியும் இறங்காது. அவர் நோன்பு திறந்ததும் இரண்டு மாத்திரை, தராவீஹுக்கு முன் இரண்டு, படுக்கும்போது இரண்டு, ஸஹரில் இரண்டு என்று போட ஆரம்பிக்கிறார். 650 மாத்திரையானால் எட்டு மாத்திரை, 5,200 மில்லிகிராம், ஒரே இரவில்! பெருகிய என்சைமும், குறைந்த காவலும், உண்ணாத வயிறும் அந்த ஒரு வாரத்தில் ஒன்றாகச் சந்திக்கின்றன. வீட்டாருக்கோ அது நோன்புத் தலைவலியாகத்தான் தோன்றும். "மூன்று நோன்பு போனால் சரியாகிவிடும்" என்பார்கள்.

அதற்கும் மேலான ஆபத்தொன்று இருக்கிறது. பல ஆண்டுகள் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும் பிதற்றலும் வரக்கூடும். மருத்துவம் இல்லாவிட்டால் உயிருக்கே அபாயம். இதற்காகக் குடியைத் தொடர வேண்டும் என்று பொருளல்ல. ஷஅபானிலேயே மருத்துவரிடம் போய் அவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும் என்பதே பொருள். அந்த நிலையில் நோன்பு வைக்க முடியாது என்று மருத்துவர் சொல்வாரானால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இருக்கிறது. உடல் தேறிய பின் களாச் செய்யலாம். தம் நிலைக்குரிய சட்டத்தை ஊர் ஆலிமிடம் தனியே கேட்டுக்கொள்ளட்டும்.

சொல்வது புறமாகுமா?

மனைவியின் சங்கடத்துக்கு வருவோம். "அவர் செய்த பாவத்தை அல்லாஹ் மறைத்து வைத்திருக்கிறான், நான் போய் டாக்டரிடம் வெளிப்படுத்துவதா? புறம் பேசியதாகாதா?" என்று மார்க்கப் பற்றுள்ள பெண்கள் அஞ்சுவதை நாம் அறிவோம். அஞ்சத்தக்க பாவந்தான் புறம். ஆனால் எல்லாச் சொல்லும் புறமாகாது. மார்க்கம் ஒப்புக்கொண்ட தேவைக்காக ஒருவரின் குறையை உரியவரிடம் சொல்வது தடுக்கப்பட்டதன்று என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஆறு வகைகளாக விரித்து எழுதியிருக்கிறார்கள். அபூஸுஃப்யான் (ரலி) அவர்களின் மனைவி ஹிந்த் (ரலி) அவர்கள், கணவர் செலவுக்குப் போதுமான அளவு கொடுப்பதில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே முறையிட்டார்கள். நபியவர்கள் அதைப் புறமென்று தடுக்கவில்லை. நியாயமான அளவு எடுத்துக்கொள்ள வழி சொன்னார்கள். வயிற்றுச் செலவுக்காகச் சொல்லலாமென்றால், உயிருக்காகச் சொல்லலாகாதா?

சொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது. மருத்துவரிடம் சொல்லுங்கள், மருத்துவமனை வராந்தாவில் நலம் விசாரிக்க வந்த சம்பந்தி வீட்டாரிடம் சொல்லாதீர்கள். "இவர் தினமும் குடிப்பார், இவ்வளவு குடிப்பார், கடைசியாகக் குடித்தது இந்த நாள்" என்று மூன்று செய்திகளைத் தனியே கூறினால் போதும். மாமியார் அருகில் இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மருத்துவர் கையில் கொடுக்கலாம். நோயாளியிடம் அறிந்ததை வெளியே சொல்லாதிருப்பது மருத்துவரின் தொழில் ஒழுக்கம். கணவரே தம் வாயால் சொல்லிவிட்டால் மிக மேல். பாவத்தைப் பெருமையாகப் பறைசாற்றுவதுதான் தடுக்கப்பட்டது. சிகிச்சைக்காக ஒப்புக்கொள்வது அந்த வகையில் சேராது.

தாய்மார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவர் கேட்கும் கேள்விக்கு நோயாளியையே பதில் சொல்ல விடுங்கள். சற்று வெளியே நில்லுங்கள். நீங்கள் அருகில் இருக்கும்வரை உங்கள் மகன் உண்மையைச் சொல்ல மாட்டான். உங்கள் மேல் உள்ள அன்பினாலும் வெட்கத்தினாலுமே சொல்ல மாட்டான்.

பாரசிட்டமால் ஆகாதென்றால் வேறு வலி மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்கலாம். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் ஆகியவை குடிப்பவரின் வயிற்றில் புண்ணையும் இரத்தப் போக்கையும் உண்டாக்க வல்லவை. ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவருக்கு அவை சிறுநீரகத்தையும் கெடுக்கும். நிமசுலைடு என்பது ஈரலுக்கே கேடு செய்யக்கூடியதென்று பெயர் பெற்றது. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நம் நாட்டில் 2011-ல் தடை செய்யப்பட்டது. எனவே கடைக்காரரைக் கேட்டு மாற்றிக்கொள்ளும் விஷயமன்று இது. உண்மையில், குடித்த மறுநாள் வரும் தலைவலிக்குத் தண்ணீரும் உணவும் ஓய்வுமே பெரும்பாலும் போதுமானவை.

ஈரல் கெடுவதை எப்படி அறிவது? இதில்தான் ஏமாற்றம் இருக்கிறது. முதல் நாள் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. குமட்டல், வாந்தி, சோர்வு, அவ்வளவே. சிலருக்கு இடையில் தேறியது போலவும் தோன்றும். இரண்டாம் மூன்றாம் நாட்களில் வலது விலாவுக்குக் கீழே வலிக்கும். சிறுநீர் கட்டங்காப்பி நிறமாகும். அதற்குப் பிறகு கண் மஞ்சளாகும், ஈறில் இரத்தம் கசியும், பேச்சுத் தடுமாறும், பகலில் உறங்கி இரவில் உளறுவார். நம் வீடுகளில் கண் மஞ்சளானதும் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, ஓதிப் பார்த்து, இரண்டு நாட்களைக் கழித்துவிடுகிறோம். ஓதிப் பார்ப்பதை நாம் குறை சொல்லவில்லை. மருத்துவமனைக்குப் போகும் வண்டியிலும் ஓதலாம். வீட்டில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருக்க அந்த இரண்டு நாட்கள் கிடையாது.

ஒரே முறை அளவு மீறி உட்கொண்டவருக்கு அசிட்டைல்சிஸ்டீனை எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டால் ஈரல் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. நேரம் கடந்தாலும், நாட்கணக்கில் சிறிது சிறிதாக மிஞ்சியவருக்கும் அதைக் கொடுப்பதுண்டு, பயனும் உண்டு. எனவே அளவு மிஞ்சியது தெரிந்தவுடன், உடம்பில் குறி எதுவும் தெரியாவிட்டாலும், பெரிய மருத்துவமனைக்கே போய்விட வேண்டும். போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும், வெற்று அட்டைகளையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் தாளில் மடித்துக் கொடுத்த மாத்திரை மீதமிருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நாள் எத்தனை போட்டார் என்பதை நினைவுக்கு எட்டிய அளவில் எழுதி, கடைசியாகக் குடித்த நாளையும் அதே தாளில் எழுதி, மருத்துவர் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.